நல்லூரும் நவாலியும் ஒரே பலகையில்: ஒரு டொஸ் ஆட்டத்தின் நாட்குறிப்பு

மார்ச் 2

மச்சானின் கடைப் பரணில் கிடந்த 486 கணினியை, பழைய இரும்போடு போகுமுன் மறித்துக் கொக்குவிலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். விண்டோஸுக்கு முந்திய இயங்குதளமான எம்எஸ்-டொஸ் 6.22 சுணங்காமல் எழும்புகிறது. டொஸ் கொடிகட்டிப் பறந்த காலத்தில், 1990க்குப் பிறகு பல ஆண்டுகள், யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமே இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த எங்கள் வயதினர் கணினியைத் தொட்டபோது விண்டோஸ் வந்துவிட்டது. விட்டுப்போன அந்தப் பாடத்தை இப்போது படிக்கிறேன்.

செய்யப்போவது நகர்த்தும் புதிர்: நாலுக்கு நாலு பலகை, 15 காய்கள், ஒரு வெற்றிடம். எண்களுக்குப் பதில் எழுத்துகள். நல்லூர், கீரிமலை, கோப்பாய், நவாலி என்று நாலு வரிசையும் சேரவேண்டும்.

மார்ச் 5

டொஸின் எழுத்துத் திரையில் வழக்கமாக 256 வகைக் குறிகளுக்குத்தான் இடம். தமிழுக்கு 247; மீதி ஒன்பது. பத்து இலக்கங்களுக்கே போதாது! நல்லவேளை, இந்தப் பலகைக்கு 14 எழுத்துகளே தேவை.

சிக்கல் அகலத்தில். ஒரு குறிக்கு எட்டுப் புள்ளி அகலம், பதினாறு உயரம். அதாவது 16 பைற்று. ‘ப்’ ஒருவாறு அடங்கும். ‘கோ’ அடங்குமா? மகனின் சதுரக்கோட்டுக் கொப்பியில் பென்சிலால் வரைந்து, எழுத்துகளைப் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன். ‘ர்’ இன் புள்ளிக்கு நடுவில் இரண்டு சதுரம். எட்டுச் சதுரத்தையும் இரும எண்ணாகப் படித்தால் அந்த வரிசை 00011000, அதாவது 24. ‘லூ’வின் வாலுக்குக் கீழே இடம் விட்டால் தலை நசுங்குகிறது.

மார்ச் 6

வரைந்ததைத் திரையில் ஏற்றினால் ஒவ்வொரு எழுத்தின் நடுவிலும் கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடு. திரையை இயக்கும் விஜிஏ அட்டை எட்டுப் புள்ளிக்குப் பிறகு ஒன்பதாவதாக ஒரு வெற்றுப் புள்ளியைத் தானே சேர்க்கிறது. ஆனால் 192 முதல் 223 வரையுள்ள 32 குறிகளுக்கு மட்டும் எட்டாவது புள்ளியையே ஒன்பதாவதிலும் திரும்பப் போடுகிறது. பெட்டிக் கோடுகள் அறுந்துபோகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. வலப்பக்கம் தொடரவேண்டிய துண்டுகளையெல்லாம் அந்த 32 இடங்களுக்குள் குடியேற்றினேன். கீறல் போய்விட்டது. அமெரிக்கப் பொறியியலாளர் பெட்டி வரையச் செய்த சலுகையில் ‘கோ’ நிமிர்ந்து நிற்பதைப் பார்க்க எனக்குப் பரம திருப்தி.

மார்ச் 9

காய்களைக் கலைப்பது. எண் பலகையில் கண்டபடி அடுக்கினால், பாதி அடுக்குகளை எத்தனை யுகம் நகர்த்தினாலும் தீர்க்க முடியாது. 1879இலேயே ஜோன்சன், ஸ்ரோறி என்ற இருவர் இதை நிறுவிவிட்டார்கள். என் பலகையில் அந்தச் சோதனையே வேண்டாம். இரண்டு ‘ந’ இருக்கின்றன. தீராத அடுக்கு என்றால் இரண்டு ‘ந’வும் இடம் மாறினால் தீர்ந்துவிடும், யாருக்கும் வித்தியாசமும் தெரியாது. பல வரி நிரல் மிச்சம்.

மார்ச் 15

பெறாமகள் வந்து விளையாடினாள். மேல் மூன்று வரிசையும் மளமளவென்று சேர்ந்தன. கடைசியில் ‘நலிவா’ என்று நின்றது. முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துவிட்டு, “சித்தப்பா, உங்கள் ஆட்டம் பிழை” என்றாள்.

“நல்லூரில் நிற்பது நவாலியின் ‘ந’” என்றேன்.

சிறிது நேரம் என்னையே முறைத்தாள். பிறகு சேர்த்த வரிசைகளைக் கலைத்து, இரண்டையும் மாற்றி முடித்தாள். இரண்டு ‘ந’வுக்கும் வேறு வேறு நிறம் கொடுக்கவேண்டும் என்பது அவள் கட்டளை. கொடுக்கமாட்டேன், புதிரே அதுதான்.

மார்ச் 16

இரண்டாவது பலகை: இணுவில், உடுவில், அரியாலை, ஏழாலை. ‘வி’, ‘ல்’, ‘லை’ மூன்றும் இரண்டு இரண்டு. இனி எந்த ‘ல்’ எந்த ஊருக்கு என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும். ‘ல்’, ‘லை’, ‘ரி’ ஏற்கெனவே வரைந்தவை. ‘ணு’ மட்டும் மூன்று கட்டம் கேட்கிறது; கொப்பியில் பக்கம் முடிந்துவிட்டது, நாளை சந்தியில் புதிதாக ஒன்று வாங்கவேண்டும்.