மூன்று பாட்டில், ஒரே பெயர்: கைக்குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து

மெடிக்கல் ஷாப்பில் போய் 'குழந்தைக்குப் பாராசிட்டமால்' என்று கேட்டால் மூன்றில் ஒன்று கைக்கு வரும். ஃபில்லரோடு வரும் சின்ன பாட்டில், அதாவது சொட்டு மருந்து: பெரும்பாலும் 1 எம்.எல்.லில் 100 மில்லிகிராம். சாதா சிரப்: 5 எம்.எல்.லில் 120 அல்லது 125 மில்லிகிராம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கான சிரப்: 5 எம்.எல்.லில் 240 அல்லது 250. மூன்றிலும் பெயர் ஒன்றுதான். சின்ன பாட்டில் என்பதால் சொட்டு மருந்தை வீரியம் குறைந்தது என்று நினைக்கிறார்கள். உண்மையில் மூன்றில் அதுதான் மிகக் கெட்டி. சாதா சிரப்பைப் போல நான்கு மடங்கு.

அதனால் 'எத்தனை எம்.எல். கொடுக்கணும்?' என்று மட்டும் கேட்பதில் பயனில்லை. எந்த பாட்டிலில் எத்தனை எம்.எல். என்று கேட்க வேண்டும். கணக்கு குழந்தையின் எடையில் தொடங்குகிறது. வயதில் அல்ல. ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 6 கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 90. சொட்டு மருந்தில் அது 0.9 எம்.எல். 120 சிரப்பில் 3.75 எம்.எல். 250 சிரப்பில் 1.8 எம்.எல். எடை தெரியாவிட்டால் தடுப்பூசி அட்டையில் கடைசியாகக் குறித்திருப்பதைப் பாருங்கள்.

தப்பு இரண்டு பக்கமும் நடக்கும். போன தடவை சிரப்பில் 3.75 கொடுத்த பழக்கத்தில், இந்தத் தடவை வாங்கிவந்த சொட்டு மருந்தில் அதே 3.75 எம்.எல். ஊற்றினால் உள்ளே போவது 375 மில்லிகிராம். அந்தக் குழந்தைக்கு ஒரு நாள் முழுக்கக் கொடுக்கக்கூடிய உச்ச அளவே 360தான். மாறாக, சொட்டு மருந்துக்குச் சொன்ன 0.9 எம்.எல்.லைச் சிரப்பில் எடுத்தால் போவது வெறும் 22 மில்லிகிராம். காய்ச்சல் இறங்காது. 'இந்த மருந்து கேட்கலை, ஊசி போடுங்க' என்று கிளினிக் வாசலில் நிற்பவர்களில் சிலருடைய கதை இதுதான்.

அமெரிக்காவிலும் இந்தக் குழப்பம் இருந்தது. 2011இல் அங்கே கெட்டிச் சொட்டு மருந்தைக் கைவிட்டு, குழந்தைகளுக்கான திரவ பாராசிட்டமாலை 5 எம்.எல்.லுக்கு 160 மில்லிகிராம் என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார்கள். சித்தி அங்கிருந்து கொண்டுவந்த பாட்டில் வீட்டில் இருந்தால் அதுவும் நான்காவது கணக்கு: அதே 6 கிலோவுக்கு 2.8 எம்.எல்.

அளக்கிற சாமானுக்கு வருவோம். சமையலறை ஸ்பூன் வேண்டாம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு பிடிக்கும். பாலாடையும் வேண்டாம். மருந்து பாகு மாதிரி இருப்பதால் பாலாடையின் மூக்கிலும் ஓரத்திலும் ஒட்டிக்கொள்ளும், 0.9 எம்.எல்.லில் ஒட்டியது போக எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. 'பத்து சொட்டு' என்று எண்ணுவதும் சரிவராது, ஃபில்லரின் வாய் அகலத்தைப் பொறுத்துச் சொட்டின் அளவு மாறும். பாட்டிலோடு வந்த ஃபில்லரை அந்த பாட்டிலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் கோடு அழிந்துபோயிருந்தால் ஊசி இல்லாத 1 அல்லது 2 எம்.எல். சிரிஞ்ச் வாங்குங்கள். முனையில் உள்ள மூடியை முதலில் குப்பையில் போட்டுவிடுங்கள், தொண்டையில் சிக்கும். தாத்தாவின் இன்சுலின் சிரிஞ்சை மட்டும் எடுக்கவே கூடாது. அதில் கோடுகள் எம்.எல். அல்ல, யூனிட். 40 யூனிட் சிரிஞ்சில் 40 என்றால் 1 எம்.எல்.

பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். பல சிரப்புகளில் மருந்து அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் முதல் வேளைகள் நீர்த்தும், கடைசி வேளைகள் கெட்டியாகவும் போகும். குழந்தையை மடியில் சாய்ந்த வாக்கில் வைத்து, ஃபில்லர் நுனியைக் கன்னத்தின் உட்பக்கம் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். மூக்கைப் பிடித்து ஊற்றினால் புரையேறும். பால் பாட்டிலில் கலப்பதும் வேண்டாம்: பாதிப் பாலை வைத்துவிட்டால் பாதி மருந்தும் அதோடு போச்சு.

கொடுத்த உடனே கக்கிவிட்டால்? மருந்து முழுதும் அப்படியே வெளியே வந்தது கண்ணுக்குத் தெரிந்தால் ஒரே ஒரு தடவை மறுபடி கொடுக்கலாம். கொஞ்சம் உள்ளே போயிருக்கும் என்று சந்தேகம் வந்தால் அடுத்த வேளை வரைக்கும் காத்திருங்கள். ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 4 மணி நேரம், 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். அம்மா கொடுத்தது தெரியாமல் பாட்டி கொடுப்பது, அப்பா ராத்திரி இன்னொரு தடவை கொடுப்பதெல்லாம் சகஜம். மருந்து அட்டைப்பெட்டியிலேயே பேனாவால் நேரத்தை எழுதிவிடுங்கள். காய்ச்சலுக்கு ஆசனவாயில் வைக்கும் மருந்தும் பெரும்பாலும் பாராசிட்டமால்தான், அதுவும் இந்தக் கணக்கில் சேரும். சில சளி மருந்துகளிலும் பாராசிட்டமால் இருக்கிறது.

சளி மருந்து என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 2 வயதுக்குள் சளி, இருமல் சிரப் எதுவும் வேண்டாம். 2025இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்தச் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. அதற்குப் பிறகு மத்திய சுகாதாரத் துறையும் 2 வயதுக்குக் கீழே இவற்றை எழுதக் கூடாது என்று அறிவுறுத்தியது. நச்சு கலக்காத நல்ல சிரப்பாலும் கைக்குழந்தையின் சளிக்குப் பெரிய பலன் இல்லை.

மற்ற காய்ச்சல் மருந்துகள்: ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் அமிலம் இரண்டும் 6 மாதத்துக்குள் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கிற மருந்தல்ல. அதற்குப் பிறகும் டெங்கு சீசனில் டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள், ரத்தக் கசிவைக் கூட்டும். வாந்தி, பேதியால் உடம்பு வற்றிய குழந்தைக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆஸ்பிரின் கூடவே கூடாது. நிமெசுலைடு 12 வயதுக்குள் 2011 முதல் தடை; பழைய பாட்டில் வீட்டில் கிடந்தால் வீசிவிடுங்கள்.

எப்போது கொடுப்பது என்பதில் என் கட்சி இது: தெர்மாமீட்டரில் எண்ணை மட்டும் பார்க்காமல் குழந்தையைப் பாருங்கள். 100.5 இருந்தும் பால் குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தால் மருந்துக்கு அவசரமில்லை. துவண்டு, சிணுங்கி, பால் மறுத்தால் கொடுக்கலாம். கொடுத்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில்தான் இறங்கத் தொடங்கும். 103 என்பது 101 ஆனால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். நார்மலுக்கு வரணும் என்று அடுத்த டோஸை முன்கூட்டிக் கொடுக்கக் கூடாது. ஸ்வெட்டர், மங்கி கேப் போட்டுப் பொத்தி வைத்திருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். துடைப்பதானால் வெதுவெதுப்பான தண்ணீர், ஐஸ் வேண்டாம்.

3 மாதத்துக்குள் இருக்கிற குழந்தைக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. 100.4ஐத் தொட்டாலே வீட்டில் மருந்து கொடுத்துப் பார்ப்பது ஆபத்து, காய்ச்சல் இறங்கி உள்ளிருக்கும் கிருமித்தொற்றை மறைத்துவிடும். நேராக ஆஸ்பத்திரி. ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் பிறகு வரும் காய்ச்சலுக்கு மட்டும், ஊசி போட்ட நர்ஸ் சொல்லி அனுப்பிய அளவு. ஒரு நாள் தாண்டியும் நீடித்தாலோ பால் குடிக்காவிட்டாலோ மறுபடி காட்ட வேண்டும். எந்த வயதிலும் வலிப்பு, மூச்சு வாங்குவது, எழுப்பினாலும் எழாமல் கிடப்பது, 6 மணி நேரமாக மூத்திரம் போகாதது ஆகியவற்றுக்குக் காத்திருக்காதீர்கள்.

அளவு கூடிவிட்டது என்று தெரிந்தால், குழந்தை நன்றாக விளையாடுகிறதே என்று ஏமாறக் கூடாது. பாராசிட்டமால் ஈரலைக் கெடுக்கும்போது முதல் ஒரு நாள் வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அந்த நச்சை முறிக்கும் மருந்து இருக்கிறது. அளவு கூடிப்போன 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்றாக வேலை செய்யும். வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புத் தண்ணீர் கொடுக்காமல் 108ஐ அழையுங்கள். கிளம்பும்போது பாட்டிலையும் ஃபில்லரையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மில்லிகிராம் போனது என்று டாக்டர் அவற்றை வைத்துத்தான் கணக்குப் போடுவார்.