இல்லாத தீவுகளை வைத்து ஆண்டு கணித்தல்: பழைய துருவத் தேசப்படங்கள்

பழைய தேசப்படம் என்றதும் யாழ்ப்பாணத்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பல்தேயஸ் பாதிரியாரின் 1672ஆம் ஆண்டு நூலிலுள்ள யாழ்ப்பாணப் படம்தான். அந்த நூல் வெளிவந்த அம்ஸ்ரர்டாம் நகரில், அதே நூற்றாண்டில், அதே செப்புத் தகட்டு முறையில் துருவங்களின் படங்களும் அச்சாகின. வித்தியாசம் என்னவென்றால், யாழ்ப்பாணத்தைப் பார்த்தவர்கள் சொல்ல வரைந்தார்கள். துருவத்தை அன்று ஒருவரும் பார்க்கவில்லை. கேள்விப்பட்ட நிலங்களும் ஊகித்த கடல்களும் அப்படியே தகட்டில் ஏறின. பிறகு ஒவ்வொன்றாக அழிக்கப்பட்டன. எந்த நிலம் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரிந்தவருக்கு, விற்பவர் எழுதும் ஆண்டைவிடப் படமே சரியான ஆண்டைச் சொல்லிவிடும்.

16ஆம் நூற்றாண்டுத் தேசப்படக் கலைஞர் மெர்காட்டரின் வடதுருவப் படத்தை எடுத்துக்கொள்வோம். அவர் இறந்த மறு ஆண்டு, 1595இல், அவருடைய அட்லஸில் வெளிவந்தது. அச்சுப் பகுதி ஏறக்குறைய 37 × 40 செ.மீ. நடுவில் கரும்பாறை, அதைச் சுற்றி நான்கு பெருந்தீவுகள், அவற்றினூடே துருவத்தை நோக்கிப் பாயும் நான்கு ஆறு போன்ற கால்வாய்கள். ஒரு தீவில், நாலடி உயரக் குள்ளர்கள் வாழ்கிறார்கள் என்ற குறிப்பு. நான்கு மூலைகளிலும் வட்டங்கள்: ஒன்றில் தலைப்பு, மற்றவற்றில் ஃபாரோ, ஷெட்லாந்து, ஃபிரிஸ்லாந்து. கடைசியாகச் சொன்ன தீவு உலகத்திலேயே இல்லை. 1558இல் வெனிஸில் வந்த ஒரு படத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

1596இல் டச்சு மாலுமி பாரென்ட்ஸ் வடதுருவக் கடலிலுள்ள ஸ்பிட்ஸ்பெர்கன் தீவைக் கண்டார். மெர்காட்டரின் தகடுகளைப் பிறகு வாங்கிய அம்ஸ்ரர்டாம் பதிப்பாளர் யொடோகஸ் ஹொண்டியஸ், நான்கில் ஒரு தீவின் கரையில் ஒரு பகுதியை அழித்துப் புதிய கரைகளைப் புகுத்தினார். செப்பில் அழிப்பதென்றால் வெட்டிய கோட்டைச் சுரண்டி, தகட்டின் பின்புறம் தட்டி மேடாக்கி, மேலே மினுக்க வேண்டும். ஆகவே நான்கு தீவுகளும் முழுமையாக இருந்தால் முதல் நிலை, அதாவது தகட்டைத் திருத்துமுன் அடித்த அச்சு; ஒன்று அரைகுறையாக நின்றால் பிந்திய நிலை. இரண்டுக்கும் ‘1595’ என்று எழுதி விற்பவர்கள் உண்டு. விலை வித்தியாசம் பெரியது என்பதால் அந்த ஒரு தீவின் நெருங்கிய படத்தைக் கேட்டு வாங்காமல் பணம் அனுப்பக் கூடாது.

தெற்கிலும் இதே கதைதான். அந்த ஹொண்டியஸின் மகன் ஹென்றிக்கஸ் ஹொண்டியஸின் தென்துருவப் படம் 1630களின் பிற்பகுதியைச் சேர்ந்தது. பிந்திய பிரதிகளில் இன்னொரு பதிப்பாளரான யான்சோனியஸின் பெயர் வரும். டச்சு மாலுமி டாஸ்மன் 1642இல் கண்ட கரைகள் அதற்கும் பிந்திய திருத்தம். பெயரை மட்டும் பார்த்தால் போதாது, அவுஸ்திரேலியாவுக்குத் தெற்கே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் ஆலோசனை, 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அட்லஸ் தாள்களிலிருந்து தொடங்குவதே. விலை மிகக் குறைவு, செதுக்கல் வேலை அற்புதம், பிழைகளும் உண்டு. துருவப் பயணி பாயர் 1874இல் வடதுருவக் கடலிலுள்ள ஃபிரான்ஸ் யோசப் லாந்துக்கு வடக்கே கண்டதாகச் சொன்ன பீட்டர்மான் லாந்து, நோர்வேக்காரர் நான்சனின் 1893–96 துருவப் பயணத்துக்குப் பிறகு படங்களிலிருந்து மெல்ல மறைந்தது. 20ஆம் நூற்றாண்டுப் படங்களிலும் இப்படியே: அமெரிக்கத் துருவப் பயணி பியரி கண்டதாக 1906இல் சொன்ன குரொக்கர் லாந்து 1914இல் பொய்த்தது. அந்தாட்டிக்காவின் கிரகாம் லாந்து தீவுகளாகத் துண்டுபட்டிருந்தால், அது வில்கின்ஸ் 1928இல் விமானத்தில் பறந்து பார்த்ததற்குப் பிந்திய படம். 1934–37 பிரித்தானியக் குழு அது தீபகற்பம்தான் என்று காட்டிவிட்டது.

இங்கிருந்து வாங்குபவருக்குத் தாளைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. அதனால் நாலு புகைப்படம் கேளுங்கள். ஒன்று, பின்பக்கம் முழுதாக. அட்லஸ் தாளென்றால் பெரும்பாலும் பின்னால் இலத்தீன், பிரெஞ்சு, டச்சு என ஏதோ ஒரு மொழியில் எழுத்து இருக்கும். அதை வைத்துப் பதிப்பைக் கண்டுபிடிக்கலாம். இரண்டு, ஒரு மூலையைப் பக்கவாட்டில் ரோச் அடித்து எடுத்த படம். தகடு அழுத்திய பள்ளம் வெளிக்கோட்டுக்கு அப்பால் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஓரம் வெட்டப்பட்டிருக்கலாம், அல்லது நவீன நகலாக இருக்கலாம். மூன்று, 10 மடங்கு உருப்பெருக்கியில் ஓர் எழுத்து. செப்பு அச்சில் கோடு தொடர்ச்சியாக, மை சற்று மேடாக நிற்கும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள். நான்கு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த தாள். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்திய கடதாசியில் ஏறக்குறைய 25 மி.மீ. இடைவெளியில் நிழற்கோடுகள் ஓட வேண்டும்.

வண்ணத்திலும் ஏமாறலாம். பழைய பச்சையில் செப்பு உண்டு. அது காலப்போக்கில் கடதாசியை அரித்து, பின்பக்கத்தில் கபில நிறமாக ஊறும். முன்னால் பளிச்சென்ற பச்சை, பின்னால் ஒரு சுவடும் இல்லை என்றால் நிறம் பிற்காலத்தது என்று சந்தேகிக்கலாம். நடுமடிப்பின் வெடிப்புக்குள் நிறம் இறங்கியிருந்தால் அதில் சந்தேகமே வேண்டாம்.

அனுப்பும்போது உள்ளே ஒரு பொலித்தீன் உறை கட்டாயம் போடச் சொல்லுங்கள். கார்த்திகை, மார்கழியில் பொதி வந்து சேரும்படி வாங்காமல் விடுவதே நல்லது. பட்டியலில் ‘அச்சிட்ட தேசப்படம்’ என்றும் ஆண்டும் எழுதப்பட வேண்டும். 100 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளுக்குச் சுங்கத் தலைப்பு 97.06, சாதாரணத் தேசப்படத்துக்கு 49.05. வெறுமனே ‘ஓவியம்’ என்று எழுதி வந்தால் கந்தோரில் விளக்கம் சொல்லியே நாள் போய்விடும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான சோதனை. சாரீரப்பதன், அதாவது காற்றின் ஈரப்பத அளவு, 65 வீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் வேர்விடும். எங்கள் மாரியில் அது வாரக்கணக்கில் அதற்கு மேலேயே நிற்கும். இரவில் மட்டும் ஏசி போடுவது இன்னும் கேடு, கடதாசி தினமும் சுருங்கி விரியும். மூடிய பெட்டிதான் வழி. ஏ2 அளவு உறையில் இந்தத் தாள்கள் அடங்காது, ஓரம் மடியும். ஏ1 அளவு வேண்டும். மரப்பெட்டி அமிலம் விடும், கறையானும் தேடி வரும். அலுமினிய வேலைத்தளத்தில் 90 × 65 × 12 செ.மீ. அளவில் சொல்லி, மூடி விளிம்பில் ரப்பர் பட்டி போடுவியுங்கள். உள்ளிடம் ஏறக்குறைய 70 லீற்றர். அதற்கு 300 கிராம் சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டி வைத்து, உள்ளே ஓர் ஈரப்பதமானியும் வைத்துப் பாருங்கள். 45க்கும் 55க்கும் இடையில் நின்றால் சரி. அதற்குக் கீழே போனால் ஜெல்லைக் குறையுங்கள், காய்ந்த கடதாசி மடிப்பில் உடையும்.

ஏட்டுச் சுவடிக்குப் பூசும் எண்ணெயைக் கடதாசிக்குக் கொண்டுவராதீர்கள். லமினேட் செய்வதும் செலோரேப் ஒட்டுவதும் தாளைக் கொல்வதற்குச் சமம். பூச்சி இருப்பதாகத் தெரிந்தால் பொலித்தீனில் இறுக்கிக் கட்டி, −18 பாகையில் இரண்டு கிழமை உறைய விடுங்கள். வெளியே எடுத்ததும் ஒரு நாள் முழுவதும் பொலித்தீனைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் பனி நேரே தாளில் படியும்.

சுவரில் மூலப்பிரதியைத் தொங்கவிட வேண்டாம். முருகைக்கல் சுவர் மாரியில் ஈரம் கசியும், சோளகத்தில் உப்புத் தூசி பிறேமுக்குள் புகும். டிஜிட்டல் பிரதி எடுத்து அதை அச்சடித்துத் தொங்கவிடலாம். பிரதி ஏன் வேண்டும் என்று, யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட 1981க்குப் பிறகு, இந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஸ்கானரின் மூடியை அழுத்தினால் நடுமடிப்பு பிரியும். தாளை மேசையில் விரித்து, கமெராவை நேர் மேலே பொருத்தி, இரு பக்கமும் 45 பாகைச் சாய்வில் விளக்கு வைத்து எடுங்கள். பின்பக்கத்தையும் எடுக்க மறக்க வேண்டாம்.