சுமாராகப் படிக்கும் மகனுக்குப் பள்ளி தேடிய ஆறு மாதங்கள்

கோத்தகிரியை அடுத்த எங்கள் ஊரில் இருக்கும் நர்சரி பிரைமரி பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஆகவே மகனை ஆறாம் வகுப்பில் சேர்க்க வேறு பள்ளி தேடியே ஆகவேண்டிய நிலையில், போன டிசம்பரில் அவனுடைய அரையாண்டு மதிப்பெண் அட்டையை எடுத்துக்கொண்டு அலையத் தொடங்கினேன். தமிழில் 66, ஆங்கிலத்தில் 58, கணக்கில் 51. படிக்காத பையன் என்று யாரும் சொல்ல முடியாது. முதல் வரிசையில் உட்கார வைக்கவும் மாட்டார்கள். உறவினர்கள் "சுமாராப் படிப்பான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடும் பிள்ளைகளில் ஒருவன்.

தனியார் பள்ளி என்று முடிவெடுப்பதற்கு முன்பே எடைபோட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதலும், பொறியியல் முதலான தொழிற்படிப்புகளில் 2021 முதலும் நடைமுறையில் இருக்கிறது. அரசுப் பள்ளிகளிலோ, அரசு உதவி பெறும் பள்ளிகளின் தமிழ் வழி வகுப்புகளிலோ ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவர்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. ஆறாம் வகுப்பில் தனியார் பள்ளிக்குப் போகும் நாளிலேயே இவற்றைக் கைவிடுகிறோம் என்பதை நானும் என் மனைவியும் உட்கார்ந்து பேசினோம். எங்கள் ஊரிலிருந்து அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் வழியில் பாதித் தூரம் தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதை. மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடி முன்னால் நிற்பது காட்டெருமையா பாறையா என்று தெரியாது. கரடி நடமாட்டமும் உண்டு. வேனில் போகும் பள்ளியாக இருக்கட்டும் என்று நாங்கள் நினைத்ததற்கு அதுதான் காரணமே தவிர, அரசுப் பள்ளியைக் குறைவாக நினைத்ததால் அல்ல. என் தங்கை மகள் அங்கேதான் நன்றாகப் படிக்கிறாள்.

நீலகிரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது, லவ்டேலில் 1858இல் தொடங்கப்பட்ட லாரன்ஸ் பள்ளி போன்ற விடுதிப் பள்ளிகள். அங்கெல்லாம் ஆண்டுக் கட்டணம் லட்சங்களில் இருப்பதால், தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் என்னைப் போன்றவர்களின் பட்டியலில் அவை வருவதில்லை. வேன் வந்து போகும் தூரத்தில், கோத்தகிரியிலும் கட்டபெட்டைத் தாண்டிக் குன்னூர்ப் பக்கத்திலுமாக நான்கு பள்ளிகளுக்குப் போனேன்.

முதலில் போன பள்ளியில், நான் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கும்போதே மகனை உள்ளே அழைத்துப் போய் ஒரு மணி நேரத் தேர்வு வைத்தார்கள். வெளியே வந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கீழெண்கள் வேறு வேறாக இருந்த இரண்டு பின்னக் கூட்டல்களுக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தான். இதே பையன் சனிக்கிழமைகளில் என்னோடு இலை எடை போடும் கொட்டகைக்கு வருவான். முப்பத்து நாலு கிலோ அறுநூறு கிராமில் சாக்குக்கு ஒரு கிலோவும் ஈரத்துக்கு இரண்டரைக் கிலோவும் கழித்தால் எவ்வளவு என்று நான் கால்குலேட்டரைத் தொடுவதற்குள், "முப்பத்தொன்னு நூறுப்பா" என்று சொல்லிவிடுவான். அந்தத் திறமை கேள்வித்தாளில் எந்த இடத்திலும் தெரியவில்லை. அலுவலகத்தில் இருந்தவர், அவனை எடுத்துக்கொள்வது கடினம் என்றும், ஒரு தொகை கட்டுவதாக இருந்தால் நிர்வாகத்திடம் பேசிப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இந்த இரண்டையும் தடை செய்கிறது. எட்டாம் வகுப்பு வரையிலான சேர்க்கைக்குக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ எந்தத் தேர்வும் வைக்கக்கூடாது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அதன்பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம். நன்கொடை வாங்கினால் அதைப்போல் பத்து மடங்கு வரை அபராதம். சட்டம் கையில் இருந்தும் நான் அங்கே வாதாடவில்லை. வாதாடி வாங்கிய இடத்தில் என் பிள்ளை ஏழு ஆண்டுகள் உட்கார வேண்டுமே என்ற எண்ணம் என்னைத் தடுத்தது. திரும்பி வரும் பேருந்தில், "நான் பெயிலாப்பா?" என்று அவன் கேட்டபோது, அது உனக்கு வைத்த பரீட்சையே இல்லை என்று சொன்னேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை. பத்து வயதுப் பிள்ளையிடம் இப்படி ஒரு கேள்வியைப் பிறக்க வைத்ததற்காக அந்தப் பள்ளியின் மேல் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

அதற்குப் பிறகு மகனை அழைத்துப் போவதை நிறுத்திவிட்டு நான் மட்டும் போனேன். கேட்கும் கேள்விகளையும் மாற்றிக்கொண்டேன். அரசு 2017 முதல் பொதுத்தேர்வில் மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்ட போதிலும், பள்ளி வாசல்களில் முதல் மூன்று பிள்ளைகளின் படத்தோடு பேனர் தொங்கத்தான் செய்கிறது. அந்த மூன்று பேரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. முப்பதாவது இடத்தில் இருக்கும் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதே எனக்கு வேண்டியிருந்தது. ஆகவே, "ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர், பத்தாம் வகுப்பில் எத்தனை பேர்?" என்று ஒவ்வொரு பள்ளியிலும் கேட்டேன். ஒரு பள்ளியில் ஒன்பதில் 71 பேர், பத்தில் 48 பேர் என்றார்கள். மீதிப் பேர் எங்கே என்றதற்கு, "பேரன்ட்ஸே டி.சி. வாங்கிட்டுப் போயிடுவாங்க சார்" என்று பதில் வந்தது. நூறு சதவீதத் தேர்ச்சி எப்படி வருகிறது என்பது அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு விளங்கிவிட்டது. பள்ளி தேடுகிற பெற்றோர் வேறெதைக் கேட்க மறந்தாலும் இந்தக் கேள்வியை மட்டும் கேட்காமல் வரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பாடத்திட்டத்தைப் பற்றி அதிகம் குழம்பத் தேவையில்லை. 2010இல் தொடங்கிய சமச்சீர் கல்விக்குப் பிறகு மெட்ரிக் பள்ளிப் பிள்ளையும் அரசுப் பள்ளிப் பிள்ளையும் ஒரே புத்தகத்தைப் படித்து ஒரே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதுகிறார்கள். ஐந்து பாடம், 500 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. தமிழ் ஓரளவு நன்றாக வரும் பிள்ளைக்கு அது ஒரு பிடிமானம் என்பதாலும், பதினொன்றில் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாற நேர்ந்தால் தடுமாற்றம் இருக்காது என்பதாலும் சி.பி.எஸ்.இ.யை விட்டுவிட்டேன். பதினொன்றாம் வகுப்பில் காமர்ஸ் குரூப் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டேன். அறிவியல் குரூப் மட்டுமே வைத்திருக்கும் பள்ளியில், பத்தில் 300 வாங்கிய பிள்ளைக்கு உள்ளேயே இடம் கிடைப்பது அரிது.

நான்காவதாகப் போன சிறிய மெட்ரிக் பள்ளியில் தலைமையாசிரியையிடம், "நல்லாப் படிக்கிற பிள்ளையோட நோட்டு வேண்டாம் மேடம், நடுவுல இருக்கிற ஒரு பிள்ளையோட கணக்கு நோட்டைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, பெயர் எழுதிய அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஆறாம் வகுப்பு நோட்டு ஒன்றைக் கொடுத்தார். மற்ற இடங்களில் நான் பார்த்த நோட்டுகளில் பக்கத்தின் குறுக்கே ஒரு சிவப்பு டிக் மட்டும் இருக்கும். கரும்பலகையில் இருந்ததைப் பார்த்து எழுதியவை அவை. இதில், தவறான கணக்கின் மூன்றாம் வரியைச் சுற்றி வட்டம் போட்டு, "இங்கே கடன் வாங்க மறந்தாய்" என்று எழுதியிருந்தது. கீழே அந்தப் பிள்ளை அதே கணக்கைத் திரும்பப் போட்டிருந்தது. ஒன்பதில் 37 பேர், பத்தில் 35 பேர். குறைந்த இரண்டு பேரும் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனார்கள் என்றும் அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

கட்டணத்தைப் பொறுத்தவரை, ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் தனித்தனியாக நிர்ணயிக்கிறது. அந்த உத்தரவைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். காட்டினார்கள், ரசீதும் அதே தொகைக்குத் தந்தார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் உள்ள 25 சதவீத இலவச ஒதுக்கீடு எல்.கே.ஜி., ஒன்றாம் வகுப்பு போன்ற நுழைவு வகுப்புகளுக்கு மட்டும் என்பதால் எங்களுக்குப் பொருந்தவில்லை. வேன், சீருடை, ஸ்வெட்டர், மழைக்கோட்டு எல்லாம் தனிச் செலவு. ஷூ இரண்டு ஜோடி வாங்கிவிடுவது நல்லது; ஐப்பசி மழையில் நனைந்த ஷூ எங்கள் பக்கத்தில் மூன்று நாளானாலும் காயாது. மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறைப் பதிவில் மாணவருக்கு உள்ள எண்) ஆகியவற்றைக் கொடுத்ததும் சேர்க்கை ஒரே நாளில் முடிந்தது.

காலாண்டுத் தேர்வில் கணக்கில் 54 வாங்கியிருக்கிறான். பெற்றோர் கூட்டத்தில் கணக்கு ஆசிரியை விடைத்தாளை என் முன் விரித்து, பின்னத்தில் கீழெண் வேறானால் மேலெண்களை அப்படியே கூட்டிவிடுகிறான் என்று மூன்று இடங்களைத் தொட்டுக் காட்டினார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வேனின் இரண்டாம் நடையில்தான் கிளம்புகிறார்கள் என்பதால், வேன் திரும்பி வரும் வரையுள்ள இருபது நிமிடம் அவனையும் இன்னும் நான்கு பேரையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறாராம். போன வாரம் இலைக் கொட்டகையில், கால் கிலோவும் ஐந்தில் ஒரு கிலோவும் சேர்ந்தால் எத்தனை கிராம் என்று அவனாகவே என்னைக் கேட்டுவிட்டு, நான் சொல்வதற்குள் சாக்கின் மேல் விரலால் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தான்.