வேதனையும் வலியும்

வண்டிப்பெரியாறு பக்கத்து தேயிலை எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பதுதான் என் வேலை. பஞ்சாயத்து பாலியேட்டிவ் நர்ஸ், அதாவது தீராத நோயில் வலியையும் அவஸ்தையையும் தணிக்கிற நர்ஸ். 1993இல் கோழிக்கோட்டில் சில டாக்டர்கள் தொடங்கிய சங்கத்திலிருந்து கிளைவிட்ட வேலை இது. 2008இல் கேரள அரசே இதற்கென்று ஒரு கொள்கை வகுத்தது. ஜீப் பாதி வழியில் நின்றுவிடும், மீதியை நடக்க வேண்டும். சம்பளத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சேர்ந்த புதிதில் ஒரு டாக்டரோடு போனேன். கொழுந்து பறித்தே விரல் கறுத்துப்போன பாட்டி. மார்பில் புற்றுநோய், புண் வெளியே வந்துவிட்டது. டாக்டர் மலையாளத்தில், "வேதன உண்டோ, அம்மச்சி?" என்றார். "எனக்கென்ன சாமி வேதனை? மகன் திருப்பூர்ல நல்லாத்தான் இருக்கான்" என்றார் பாட்டி. வலி இல்லை என்று ஏட்டில் ஏறிவிட்டது.

மலையாளத்தில் வேதன என்றால் உடம்பு வலி. நமக்கோ அது மனசு சமாசாரம். டாக்டரைக் குறை சொல்ல முடியாது. அதையும் பாட்டி சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான் தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் குமுளிக்காரி. "எங்க பாட்டி வலிக்குது?" என்று கேட்டேன். அவ்வளவுதான், கொட்டிவிட்டார். புண்ணில் கடுக்குது. தோளிலிருந்து விரல்வரை சுருக்கு சுருக்குனு இழுக்குது. ராத்திரியானா மொளகாய் அரைச்சுப் பூசின மாதிரி எரியுது. கடுப்பு வேறு, எரிச்சல் வேறு. எரிச்சலும் சுருக்கும் பெரும்பாலும் நரம்பு வலி. அதற்கு வலி மருந்தான மார்ஃபின் மட்டும் போதாது, கூட வேறு மாத்திரையும் வேண்டும். டாக்டர் ஏட்டை வாங்கித் திருத்தி எழுதினார். (மார்ஃபினோடு மலமிளக்கியும் கொடுக்க வேண்டும். மறந்தால் அது தனிப் பாடு.)

புண்ணின் வாடைக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவச் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது பக்கத்து வீட்டு அக்கா பாட்டியின் கட்டில் ஓரமாக உட்கார்ந்து கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார். அதுவரை வாசலோடு பேசிவிட்டுப் போனவர். அன்று ஜீப் வரை இறங்கி வந்த தூரமே தெரியவில்லை.

ஒரே ஒரு தகராறுதான் மிச்சம். வலி பத்துக்கு எத்தனை என்று நான் கேட்டு எழுத வேண்டும். பாட்டிக்கு அந்தக் கணக்கு பிடிபடவே இல்லை. சரி, கொழுந்து எடை போடுகிற இடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள், தராசில் எத்தனை கிலோ வரும் என்றேன். "எட்டு கிலோ." ஒரு வாரம் கழித்து ஐந்து. அப்புறம் மூன்று.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் நனைந்தபடி உள்ளே நுழைந்தேன். கேட்பதற்கு முன்னாலேயே பாட்டி கையை விரித்துக் காட்டினார்.

"இன்னைக்கு வெறுங்கூடை, தாயி."