பவர் சப்ளை மாற்றினேன், பழைய கேபிளோடு மல்லுக்கட்டினேன்

கணினியில் கேம் ஏறிக்கொண்டிருக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். திரை இருண்டுவிடும். பவர் பொத்தானை எத்தனை தடவை அமுக்கினாலும் அசையாது. சுவரில் சுவிட்சை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போட்டால் ஒன்றுமே நடக்காதது மாதிரி எழுந்துகொள்ளும். இரண்டு வாரமாக இதே கூத்து. கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று மகன் தீர்ப்பே சொல்லிவிட்டான். புதுக் கார்டு வாங்கும் ஆசை அவனுக்கு.

எனக்கு அந்த 'டிக்' மேல்தான் சந்தேகம். மின்னோட்டம் அளவு மீறினாலோ மின்னழுத்தம் மிகவும் சரிந்தாலோ, கணினிக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டியான பவர் சப்ளை தன்னைத்தானே அணைத்துப் பூட்டிக்கொள்ளும். சுவரில் மின்சாரத்தை நிறுத்திப் போட்டால்தான் அந்தப் பூட்டு விடும்.

சனிக்கிழமை மல்டிமீட்டரை எடுத்தேன். பெட்டியிலிருந்து சும்மா தொங்கிக்கொண்டிருந்த மோலெக்ஸ் என்ற நாலு வயர் முனையில், மஞ்சள் வயரிலும் கறுப்பு வயரிலும் ஊசியை வைத்தால் 12.0. கேமை ஓடவிட்டதும் 11.6, 11.4, 11.2... டிக். 12 வோல்ட் லைன் ஐந்து சதவீதம்வரைதான் ஏறி இறங்கலாம், 11.4க்குக் கீழே போகக்கூடாது. ஒன்பது வருஷம் உழைத்த 500 வாட் பெட்டி, பாவம். திறந்து பார்க்கக் கை துறுதுறுத்தது. திறக்கவில்லை. நம் வீட்டு 230 வோல்ட் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் டிசியாகிப் பெரிய கெப்பாசிட்டரில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும்.

ஞாயிறு காலை, சிங்கப்பூரில் கணினிச் சாமான் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர். கணக்கை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போனேன். ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டுக்கு 170 வாட், ரைசன் 5 5600 பிராசசர் முழு வேகத்தில் 76, மற்றதெல்லாம் சேர்த்து இன்னொரு 60. மொத்தம் 300 சொச்சம்தான். ஆனால் கார்டு கண்ணிமைக்கும் நேரத்துக்கு அதன் அளவையும் தாண்டி இழுக்கும். கார்டைத் தயாரிக்கும் என்விடியாவே 550 வாட் பவர் சப்ளை வேண்டும் என்கிறது. 650 போதும் என்றேன். கடைக்கார அங்கிள் 850ஐ எடுத்து வைத்து, "திஸ் ஒன் பெட்டர் லா" என்றார்.

வாட் பிரச்சினை இல்லை, நீளம்தான் பிரச்சினை. என் கேஸில் ஹார்ட் டிஸ்க் கூண்டுவரை 18 சென்டிமீட்டர்தான் இடம். அவர் காட்டியது 16 நீளம். மிச்சம் 2 சென்டிமீட்டரில் கேபிள்களை எப்படி வளைப்பது? 14 சென்டிமீட்டரில் 650 வாட், மின்சாரத்தை வீணாக்காத கோல்டு தரம், எல்லாக் கேபிளும் கழற்றக்கூடியது, 119 வெள்ளி. வாங்கிக்கொண்டு தேக்காவில் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மாலையில்தான் தப்புப் பண்ணப் பார்த்தேன். பழையதும் கேபிள் கழற்றும் வகைதான். அந்தக் கேபிள்களை எல்லாம் ஒரு காலத்தில் இரண்டு மாலை உட்கார்ந்து மதர்போர்டு தட்டுக்குப் பின்னால் அழகாக வாரிக் கட்டியிருந்தேன். அவிழ்க்க மனசே வரவில்லை. பெட்டியை மட்டும் மாற்றி, பழைய கேபிளையே செருகினால் என்ன? டிஸ்க்குக்குப் போகும் கேபிளை மட்டும் உருவிப் புதுப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். சொடக்குப் போட்டது மாதிரி உட்கார்ந்தது.

"சரியாத்தானே உட்காருதுப்பா, அப்புறம் என்ன?"

"இரு, அளந்து பார்த்துடுவோம்."

பெட்டியை மேசைமேல் வைத்து, எதையும் இணைக்காமல், மதர்போர்டு இல்லாமலே ஓடவைக்கக் கூடவே கொடுத்திருந்த சிறு பிளக்கை, மதர்போர்டுக்குப் போகும் 24 பின் முனையில் மாட்டி ஓடவிட்டேன். மோலெக்ஸ் முனையில் சிவப்பு வயரில் 5 வோல்ட் வரவேண்டும். மீட்டர் 12 காட்டியது. மகன் ஒன்றும் பேசவில்லை. அவன் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் அந்த டிஸ்க்கில்தான் இருக்கின்றன. டிஸ்க் பக்கத்து முனை எல்லோருக்கும் ஒன்றுதான். பெட்டி பக்கத்தில் எந்தத் துளையில் எந்த வோல்ட் என்பது ஒவ்வொரு தயாரிப்பாளரின் இஷ்டம். ஒரே பெயர் போட்ட இரண்டு மாடலிலேயே மாறலாம்.

எல்லாவற்றையும் அவிழ்த்தேன். பிராசசருக்கான 8 பின் கேபிளை முதலில் மேல் மூலைக்கு இழுத்துவிட்டேன். போர்டை மாட்டிய பிறகு அங்கே விரல் நுழைவதே பாடு. நாலும் நாலுமாகப் பிரிவது பிராசசருக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரிவது கார்டுக்கு. கேஸின் அடியில் சல்லடை இருப்பதால் விசிறி கீழ்ப்பக்கம் பார்த்தது. அந்தச் சல்லடையில் ஒரு விரற்கடைத் தூசி.

பொத்தானை அமுக்கினால் சத்தமே இல்லை. வயிறு கலங்கிவிட்டது. பின்னால் இருந்த சின்ன சுவிட்சைப் போடாதது ஐந்து நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது.

இரண்டு மணி நேரம் கேம் ஓடியது, மீட்டர் 11.9க்குக் கீழே இறங்கவில்லை. பழைய பெட்டியை அதன் கேபிள்களோடு சேர்த்து ஒரே பையில் முடிந்து வைத்திருக்கிறேன், சமூக மன்றத்து மின்கழிவுப் பெட்டிக்கு. புதுக் கேபிள்கள் தடிமன். பின்பக்கத் தகடு மூட மறுத்துப் பிதுங்கிக்கொண்டு நிற்கிறது. அது அடுத்த ஞாயிறு.