வாங்கிய இணைப்பும் கேட்டுப் பெற்ற இணைப்பும்

முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்பில் பனங்கட்டி, ஒடியல் மா, புழுக்கொடியல், தேன் ஆகியவற்றைப் பொதி செய்து விற்கும் அக்கா ஒருவருக்கு நான் செய்து கொடுத்த இணையத்தளம், ஒருநாள் காலையில் கூகிளின் தேடல் முடிவுகளிலிருந்து ஏறக்குறையக் காணாமற்போயிருந்தது. கடையின் பெயரை முழுமையாகத் தட்டெழுதியபோதும் அவருடைய முகநூல் பக்கம்தான் முதலில் வந்தது. தளம் மூன்றாம் பக்கத்தில் கிடந்தது. பிழை அவருடையதன்று. ஐந்து மாதங்களுக்கு முன்னர், தளத்தைத் தேடலில் மேலே கொண்டுவர, பிற தளங்களிலிருந்து ஐந்நூறு இணைப்புகளை உத்தரவாதத்துடன் பெற்றுத் தருவதாக மின்னஞ்சல் அனுப்பிய ஒரு வியாபாரிக்கு என் கடனட்டையிலிருந்து பணம் செலுத்தியவன் நான்தான். அக்காவிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவுமில்லை.

தளங்களைத் தேடலில் மேலே கொண்டுவரும் தொழிலில் இருப்போர் பாக்லிங்க் என்று சொல்வதைச் சிலர் பின்னிணைப்பு என்று எழுதுகிறார்கள். எனக்கு அச்சொல்லைக் கண்டால் நூலின் கடைசியில் வரும் அட்டவணைகள்தான் நினைவுக்கு வருகின்றன. ஆகவே, பிறருடைய தளத்திலிருந்து நம்முடைய தளத்துக்கு வருவதை உள்வரும் இணைப்பு என்றே இங்கு எழுதுகிறேன்.

தேடலில் தளத்தின் நிலையைக் காண்பதற்குக் கூகிள் தள உரிமையாளருக்குத் தரும் சேர்ச் கொன்சோலைத் திறந்தபோது, இயற்கைக்கு மாறான இணைப்புகள் காரணமாகக் கைமுறை நடவடிக்கை எடுக்கப்பட்டிருப்பதாக அறிவித்தல் இருந்தது. கைமுறை என்பதன் பொருள், நிரல் தானாகச் செய்ததன்று, கூகிளின் ஊழியர் ஒருவர் பார்த்து முடிவெடுத்தது என்பதாகும். இணைப்புகள் அறிக்கையைத் தரவிறக்கி, அன்றிரவு கிளிநொச்சியில் என் அறையில் இருந்து வரிவரியாகப் படித்தேன். சூதாட்டத் தளங்கள், உரிமையாளர் கைவிட்ட பின்னர் வேறெவரோ வாங்கிய பழைய முகவரிகள், ஒரே கட்டுரையைச் சொல் மாற்றி அடுக்கிய பக்கங்கள் என்று அது நீண்டுகொண்டே போனது. ஓரிடத்தில், கூரை ஒழுக்கை அடைப்பது எப்படி என்று விளக்கும் ஆங்கிலப் பந்தியொன்றின் நடுவே, மலிவு விலையில் சிறந்த பனங்கட்டி என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் எவ்விதத் தொடர்புமின்றி நின்றது. எல்லாப் பக்கங்களிலும் அதே தொடர், அதே சொல்லொழுங்கு. எவருக்கும் பார்த்தவுடன் விளங்கக்கூடிய களவு அது.

நீக்கிவிடும்படி கேட்டு அந்தத் தளங்களுக்கு எழுதினேன். பதில் எழுதியவர்கள் இருவர். அவர்களுள் ஒருவர் நீக்குவதற்கும் பணம் கேட்டார். மிகுதியை, வரிக்கு ஒரு தளம் என்று சாதாரண உரைக்கோப்பில் எழுதி, 2012 அக்டோபரில் கூகிள் அறிமுகப்படுத்திய இணைப்பு மறுப்புக் கருவியின் வழியாக ஒப்படைத்தேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதி மறுபரிசீலனைக்கும் விண்ணப்பித்தேன். சில வாரங்களின் பின்னர் தடை நீங்கியது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்தக் கருவி என்னைப் போல் கையும் களவுமாகப் பிடிபட்டவர்களுக்கானது. பெரும்பாலான தளங்களுக்கு அது தேவையில்லை என்று கூகிளே கூறுகிறது. காய்ச்சல் இல்லாதவருக்குப் பனடோல் கொடுப்பதைப் போல, மாதந்தோறும் அதைச் செய்து கட்டணம் அறவிடுகிறவர்களை நான் அறிவேன்.

இணைப்புக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதை விளங்கிக்கொள்ளாமல்தான் அதை விலைக்கு வாங்கப் போனேன். லாரி பேஜும் சேர்ஜி பிரின்னும் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்தபோது, 1998 இல் வெளியிட்ட கட்டுரையில் பேஜ்ராங்க் என்ற கணிப்பு முறையை விளக்கினார்கள். ஓர் ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதைக் கொண்டு அதன் பெறுமதியை அளப்பது போல, ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன என்பதைக் கொண்டும், சுட்டுகின்ற பக்கங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு மதிப்புடையவை என்பதைக் கொண்டும் அதன் இடம் கணிக்கப்பட்டது. வன்னியில் இதை விளங்கப்படுத்துவது எளிது. பெரிய குளமான இரணைமடுவிலிருந்து வரும் ஒரு வாய்க்காலும், மாரியில் மட்டும் நிரம்பும் சிறு குளத்திலிருந்து வரும் வாய்க்காலும் வயலுக்கு ஒரே அளவு நீரைத் தருவதில்லை. அந்த இரணைமடு வாய்க்காலும் ஐம்பது கிளைகளாகப் பிரிந்தால் ஒவ்வொரு கிளைக்கும் கிடைப்பது சிறு பங்குதான். ஒரு பக்கத்தின் மதிப்பும் அதிலிருந்து வெளியே போகும் இணைப்புகளுக்கிடையில் அவ்வாறுதான் பகிரப்பட்டது. வழியில் ஒரு கழிவும் உண்டு: கட்டுரையில் வழக்கமாக எடுத்துக்கொள்ளப்பட்ட குணகம் 0.85, அதாவது நூற்றில் எண்பத்தைந்து பங்குதான் இணைப்புகளின் வழியே கடந்து போகும். ஒப்புமை ஓரிடத்தில் பொருந்தாது. குளம் நீரைத் திறந்துவிட்டால் வற்றும், இணைப்பைக் கொடுத்த தளம் அப்படி வற்றுவதில்லை. தம்முடைய மதிப்பு குறைந்துவிடும் என்று அஞ்சி எவருக்கும் இணைப்புத் தராமல் இருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கூகிள் இன்று நூற்றுக்கணக்கான குறிப்புகளைச் சேர்த்துப் பார்க்கிறது. இணைப்பு அவற்றுள் ஒன்று. 2012 ஏப்ரல் 24 ஆம் திகதி வெளியான பெங்குவின் என்ற மாற்றம், செயற்கையாக இணைப்புச் சேர்த்த தளங்களைக் கீழே தள்ளியது. 2016 செப்டெம்பரில் அது மைய நிரலுடன் சேர்ந்தது முதல், அத்தகைய இணைப்புகளைப் பெரும்பாலும் கணக்கில் எடுக்காமலே விட்டுவிடுகிறது. எனவே இணைப்பு வாங்குகிற பலருக்கு நேர்வது தண்டனைகூட அன்று. காசு போகிறது, வேறொன்றும் நடப்பதில்லை.

எது வாங்கிய இணைப்பு என்பதில் நம்மவர்களுக்குத் தெளிவு குறைவு. பணம் கைமாறினால் மட்டுமே விற்பனை என்று நினைக்கிறோம். ஒரு போத்தல் தேனை இலவசமாக அனுப்பிவிட்டு, அதற்குப் பதிலாக உங்கள் தளத்தில் எழுதி எங்களுக்கு இணைப்புத் தாருங்கள் என்று கேட்பதும் கூகிளின் விதிகளின்படி வாங்கியதே. தேன் அனுப்புவதில் குற்றமில்லை. அந்த இணைப்பில் அது அனுசரணை பெற்றது என்ற குறிப்பு இருக்க வேண்டும். அதற்கான ஸ்பொன்சர்ட் என்ற குறிச்சொல் 2019 செப்டெம்பரில் வந்தது. அதற்கு முன்னர் 2005 முதல் இருந்தது, இந்த இணைப்பைப் பரிந்துரையாகக் கொள்ளாதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் நோபொலோ ஒன்றுதான். நான் உனக்குப் போடுகிறேன், நீ எனக்குப் போடு என்று அளவுகடந்து பண்டமாற்றுச் செய்வதும் இதே வகையைச் சேர்ந்தது.

தடை நீங்கிய பின்னர் நான் செய்த முதல் வேலை, அக்காவைப் பற்றி ஏற்கெனவே யார் பேசியிருக்கிறார்கள் என்று தேடியது. ஏராளமானோர் பேசியிருந்தார்கள், ஆனால் எல்லாம் முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும். முகநூலில் இடப்படும் இணைப்புக்கு நோபொலோ குறி உண்டு. வட்ஸ்அப்பில் நடக்கும் பேச்சைத் தேடுபொறி காண்பதே இல்லை. வன்னியின் சிறு தொழில்கள் அனைத்துக்கும் இதுதான் நிலைமை. ஊரறிந்த பெயராக இருக்கும். இணையத்தில் அதற்குச் சாட்சி இருக்காது. போதாக்குறைக்கு, நன்றியறிவித்தல்களை அழகிய படமாகச் செய்து ஏற்றும் வழக்கம் இங்கு உண்டு. அப்படத்தை இணைப்பாக்கி, படத்தைச் சொல்லில் விவரிப்பதற்கான மாற்றுரை என்ற இடத்தில் கடையின் பெயரை எழுதினால், அது இணைப்புச் சொல்லாக, அதாவது அழுத்தும் சொல்லாக, தேடுபொறியால் கொள்ளப்படும். அந்த இடத்தை எவரும் நிரப்புவதில்லை.

ஆயினும் சில தளங்கள் எஞ்சின. ரொறன்ரோவில் இயங்கும் பழைய மாணவர் சங்கமொன்று, பாடசாலை நிகழ்வுக்குச் சிற்றுண்டி வழங்கியதற்காக அக்காவின் கடைக்குத் தன் தளத்தில் பெயர் குறிப்பிட்டு நன்றி கூறியிருந்தது. பெயர் இருந்தது, இணைப்பு இல்லை. செயலாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். எழுபது வயதைக் கடந்த மனிதர்.

"தம்பி, இதைப் போட்டால் எங்கட சைற்றுக்கு வைரஸ் கியிரஸ் வராதோ?"

"வராது ஐயா. அந்தப் பேரை அழுத்தினால் அக்கான்ர கடைப் பக்கம் திறக்கும், அவ்வளவுதான்."

மறுநாள் இணைப்பு வந்துவிட்டது. ஐந்நூறு இணைப்புகளுக்குச் செலவான பணத்தை நினைத்துக்கொண்டேன். இவ்வாறு பெயர் மட்டும் இருந்த பக்கங்களாக ஒன்பது அகப்பட்டன. எழுதிக் கேட்டதில் ஆறு பேர் இணைப்பிட்டார்கள். என்ன சொல்லில் இணைக்க வேண்டும் என்று எவருக்கும் நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருவர் கடைப்பெயரையும், இன்னொருவர் புதுக்குடியிருப்புப் பனங்கட்டி என்பதையும், வேறொருவர் இங்கே அழுத்தவும் என்பதையும் இணைத்தார். கடைசியது தேடுபொறிக்கு எதையும் உணர்த்தாது. இருந்தாலும் திருத்தும்படி கேட்கவில்லை. ஆறும் ஆறு விதமாக இருப்பதுதான் மனிதர் கைபட்டதற்கு அடையாளம்.

அடுத்து அகப்பட்டது என் சொந்தத் தவறு. தமிழில் முகவரி வைக்க வேண்டும் என்ற ஆசையில், உற்பத்திப் பக்கத்தின் முகவரியில் புதுக்குடியிருப்பு பனங்கட்டி என்று இடையில் ஒரு சிறுகோடிட்டு எழுதியிருந்தேன். உலாவியில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் பிரதியெடுத்து மின்னஞ்சலில் ஒட்டினால் தமிழ் எழுத்துக்கான யுனிகோட்டின் ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்துகளாக விரியும். பனங்கட்டி என்ற சொல் மட்டும் 81 எழுத்துகள், அந்தத் தொடர் முழுவதும் 244. நீண்ட அந்த முகவரி இடையில் அறுந்து, அறுந்தபடியே பிறருடைய பக்கங்களில் ஏறியிருந்தது. தளம் இயங்கும் கணினியான வழங்கியின் பதிவேட்டைப் பார்த்தபோது, பக்கம் இல்லை என்ற 404 பிழையுடன் திரும்பிப் போனவர்களின் வரிசையே இருந்தது. எனக்கு வந்துசேர்ந்த இணைப்புகளை நானே வாசலில் மறித்திருக்கிறேன். முகவரியைச் சுருக்கி ஆங்கில எழுத்தில் வைத்து, அறுந்த வடிவங்கள் ஒவ்வொன்றையும் 301 என்னும் நிரந்தரத் திசைமாற்றத்தால் புதிய பக்கத்துடன் சேர்த்தேன். புதிதாக ஓர் இணைப்பைத் தேடுமுன் இந்தச் சோதனையைச் செய்வது நல்லது. வேறெந்த வேலையும் இவ்வளவு விரைவாகப் பலன் தருவதில்லை.

ஒரு தளம் தேடலில் எவ்வளவு மேலே வரக்கூடும் என்று ஊகிக்கும் எண்ணான டொமைன் ஓதோரிட்டி எத்தனை என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். அது மொஸ் என்ற நிறுவனத்தின் கணிப்பு, கூகிளுடையது அன்று. கூகிள் தன் பேஜ்ராங்க் எண்ணை வெளியே காட்டுவதை 2016 இலேயே நிறுத்திவிட்டது. அந்த எண்ணைவிட, இணைப்புத் தரும் பக்கம் எதைப் பற்றியது என்று கேட்பதே எனக்குப் பயன்பட்டிருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் பனை உற்பத்திகளைப் பற்றி எழுதப்படும் ஒரு பக்கத்திலிருந்து இணைப்பு வருமானால், அது நான் வாங்கிய ஐந்நூறுக்கும் மேலானது.

கேட்காமலே இணைப்புகளை அதிகம் ஈட்டித் தந்த பக்கம் பனங்கட்டியைப் பற்றியதே அன்று. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலின் வைகாசிப் பொங்கலுக்கு வருவோர், பரந்தன் வீதியால் புதுக்குடியிருப்பைக் கடந்து வட்டுவாகல் பாலத்தினூடாக வருவதா, மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக வருவதா, எங்கே இறங்குவது, குழந்தைகளுடன் வந்தால் எங்கே தங்குவது என்று ஆண்டுதோறும் கடைக்குத் தொலைபேசி எடுத்து அக்காவிடம் கேட்பார்கள். அவர் சொன்ன பதில்களை ஒரே பக்கமாக எழுதி ஏற்றினோம். வெளிநாட்டுச் சங்கங்களும் பயணக் குறிப்பு எழுதுவோரும் அதை எடுத்துச் சுட்டினார்கள். இந்த ஆண்டுக்கான போக்குவரத்து விபரம் வெளியானதும் அப்பக்கத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது, சென்ற ஆண்டு இருந்த அதே முகவரியிலேயே.