முடிவைச் சொல்லாமல் பேசுவது

பதிப்பகத்தில் பிரதி திருத்துவதுதான் என் வேலை. புது நாவல் வெளிவரும்போது அதை எழுதியவரோடு மேடையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவது பிறகு வந்து சேர்ந்தது. நான் கேட்டு வாங்கிய பொறுப்பில்லை. பேச வேண்டியவர் ஒருநாள் வரவில்லை. நாவலை முழுக்கப் படித்திருந்தவர் என்று பார்த்தால் அங்கே நான் மட்டும்தான் இருந்தேன். அப்படித் தொடங்கி 11 வருடங்கள் ஆகிவிட்டன. எடிட்டிங் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, பென்சிலும் கையுமாக இருந்த நேரத்தில் வந்ததில்லை. மேடைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில், முறை வரக் காத்திருந்த எழுத்தாளர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு வந்தது.

என்னிடம் வருபவை பெரும்பாலும் இரண்டு வகை: காதல் நாவல், மர்ம நாவல்.

இரண்டாவது வருடத்தில் ஒரு தவறு செய்தேன். அது ஒரு மர்ம நாவல். இறந்துபோனவரின் அறையை விவரிக்கும் பத்தி ஒன்று மூன்றாம் அத்தியாயத்தில் வரும். மேசை, மூக்குக்கண்ணாடி, மருந்துப் புட்டி, பத்து நிமிடம் பிந்தி ஓடும் சுவர்க் கடிகாரம், மடிக்காத போர்வை, பாதி படித்த புத்தகம். அந்தக் கடிகாரத்தை வைத்துத்தான் 200 பக்கம் தள்ளி முடிச்சு அவிழும். எனக்கு அந்த இடம் அவ்வளவு பிடித்திருந்தது. மேடையில் உட்கார்ந்ததும் முதல் கேள்வியாக, "அந்தக் கடிகாரத்தை மூன்றாம் அத்தியாயத்திலேயே வைத்துவிட்டீர்களே சார், அது எப்படித் தோன்றியது?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். "பழைய அறை, பழைய சாமான்கள், அதில் அதுவும் ஒன்று" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். எதிரே இருந்தவர்களில் பலர் அப்போதுதான் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்திருந்தார்கள். எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது, கோபப்படாமல்தான் சொன்னார்: "அந்த வரியை ஏழெட்டுத் தடவை மாத்தி எழுதினேன். அது அங்கே இருக்கணும். ஆனா யார் கண்ணும் அதுல நிக்கக் கூடாது. நீங்க எல்லாரையும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் அதுக்கு எதிரே நிறுத்திட்டீங்க."

அன்று இரவு அந்தப் பத்தியைத் திரும்பப் படித்தேன். ஆறு பொருள்களில் கடிகாரம் நான்காவது. பட்டியலின் தொடக்கமும் முடிவும் மனதில் நிற்கும், நடுவில் இருப்பது நழுவிவிடும். அடுத்த வரியில் பக்கத்து அறையிலிருந்து ஒரு பெண் அழும் சத்தம் கேட்கிறது. வாசகரின் கவனம் அந்த அழுகையோடு போய்விடும். மர்ம நாவல் எழுதுபவர்களிடம் இப்படிச் சில கைவேலைகள் உண்டு. உண்மையை யாரும் நம்பாத ஒரு பாத்திரத்தின் வாயில் வைப்பார்கள். தடயத்தைக் காட்டிவிட்டு, அது வேறு எதற்கோ ஆனது என்று நினைக்க வைப்பார்கள். நமக்குச் சிரிப்பு வரும் இடத்தில் ஒளித்து வைப்பார்கள். எதுவானாலும் நம் கண்முன்னால் நடந்தாக வேண்டும், அதுதான் கடினம்.

இது ஒரு நேர்மை சம்பந்தப்பட்ட விஷயமாகவே இருந்து வந்திருக்கிறது. ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், அவரும் துப்பறியும் நாவல்கள் எழுதியவர், 1929இல் இந்த வகைக்குப் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிபவர் கண்ட தடயத்தை வாசகருக்கும் உடனே காட்டிவிட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அடுத்த வருடம் பிரிட்டனில் உருவான டிடெக்ஷன் கிளப் என்ற எழுத்தாளர் சங்கத்தில், முக்கியமான தடயத்தை வாசகரிடம் மறைக்க மாட்டேன் என்று உறுதிமொழியே எடுக்க வைத்தார்கள். வாசகருக்கு அவ்வளவு மரியாதை கொடுத்து எழுதப்பட்ட ஒரு வரியைத்தான் நான் ஒரு பாராட்டில் வீணாக்கினேன்.

அதற்குப் பிறகு எந்த மர்ம நாவலையும் இரண்டு முறை படிக்காமல் மேடை ஏறுவதில்லை. முதல் வாசிப்பில் குறிப்பெடுக்க மாட்டேன். எங்கே ஏமாந்தேன், யாரைச் சந்தேகப்பட்டேன் என்பதை மட்டும் படித்து முடித்த கையோடு எழுதி வைப்பேன். இரண்டாம் வாசிப்பில்தான் பென்சில். முதல் கால் பகுதிக்கு மேல் நடக்கும் எதையும் பேசுவதில்லை. அந்தக் கால் பகுதியிலும், முடிவு தெரிந்ததால் எனக்குப் பெரிதாகத் தெரிகிற எதையும் கேட்பதில்லை. இந்த இரண்டாவதுதான் கஷ்டம். முடிவு தெரிந்த கண்ணுக்கு எல்லாமே தடயமாகத் தெரியும். அதனால்தான் முதல் வாசிப்பின் குறிப்பு தேவைப்படுகிறது: தெரியாத ஆளாக நான் என்ன பார்த்தேன் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி கிடையாது.

காதல் நாவலில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே முடிவு எல்லோருக்கும் தெரியும். 1980இல் தொடங்கிய அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்கள் சங்கம், காதல் நாவல் என்பதற்கு இரண்டே அடையாளங்கள் சொல்கிறது: கதையின் மையத்தில் ஒரு காதல் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தருவதாக இருக்க வேண்டும். சரி, முடிவே நிச்சயம் என்றான பிறகு எழுத்தாளரிடம் என்னதான் கேட்பது? தொடக்கத்தில் எனக்குத் தெரியவில்லை. "இது உங்கள் சொந்த அனுபவமா?" என்று ஒருவரிடம் கேட்டேன். அவர் நாகரிகமாக ஏதோ பதில் சொன்னார். ஆனால் முகம் வாடியது தெரிந்தது. அந்த நாவலில் கதை முன்னும் பின்னுமாக ஒன்பது வருடம் நகரும், ஒரு இடத்தில்கூடக் குழம்பாது. அதை எப்படிச் செய்தார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். மர்ம நாவல் எழுதியவரிடம் உத்தியைக் கேட்கிறோம், காதல் நாவல் எழுதியவரிடம் வாழ்க்கையைக் கேட்கிறோம். இது அவமதிப்புதான். இப்போதும் பல மேடைகளில் இந்தக் கேள்வி காதில் விழும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

காதல் நாவல் எழுதியவரிடமும் உத்தியைத்தான் கேட்க வேண்டும் என்று எனக்குப் புரிந்தது ஒரு மாலையில். ஒரே மாதத்தில் எங்களுக்கு இரண்டு நாவல்கள் வெளிவந்தன. நேரம் போதவில்லை என்று இரண்டு எழுத்தாளர்களையும் ஒரே அமர்வில் உட்கார வைத்துவிட்டார்கள். ஒருவர் இருபதுக்கும் மேற்பட்ட காதல் நாவல்கள் எழுதிய மூத்தவர். இன்னொருவர் மூன்றாவது மர்ம நாவலோடு வந்திருந்த இளைஞர். முன்பின் பழக்கமில்லை. இவர் எடுத்த எடுப்பில் "அக்கா" என்றார், அவரும் "தம்பி" என்று ஏற்றுக்கொண்டார். மேடை ஏற இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

இளைஞர் தன் நோட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொலை நடந்த நாளின் கால அட்டவணை அதில் இருந்தது. இடப்பக்கம் பாத்திரங்களின் பெயர்கள், மேலே மணிக்கணக்கு, கட்டத்துக்குக் கட்டம் யார் எங்கே என்று. மூத்தவர் எட்டிப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் தன் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு பெரிய தாளை எடுத்து விரித்தார். அதிலும் கட்டங்கள்தான். இடப்பக்கம் அத்தியாய எண்கள். மேலே மூன்று தலைப்புகள்: அவளைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும், அவனைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும், வாசகருக்கு என்ன தெரியும்.

"மூணாவது கட்டம் எதுக்கு அக்கா?"

"என் கதையை ஒரு அத்தியாயம் அவன் சொல்வான், ஒரு அத்தியாயம் அவ சொல்வா. வாசகர் ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கிற சுவர்மேல உக்காந்திருக்கார். ரெண்டு பக்கமும் அவருக்குத் தெரியும். கீழே இருக்கிறவங்களுக்குத்தான் தெரியாது. அந்த வித்தியாசம் எந்த இடத்துல எவ்வளவுன்னு கணக்கு வைக்கலைன்னா கதை நின்னுடும்."

"என் வாசகர் சாவித் துவாரம் வழியா பார்க்கிறவர்" என்றார் இவர். "ஒரு கண்ணுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான்."

"ஆனா உங்களுக்கு ஒரு வசதி தம்பி. முடிவு யாருக்கும் தெரியாது. என்னுது, வாங்கும்போதே தெரியும்."

"குற்றவாளி மாட்டுவான்னு என் வாசகருக்கும்தான் தெரியுமே."

மூத்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அட, ஆமா" என்றார். பிறகு, தன் நாவலில் எண்பது பக்கங்களைத் தூக்கிப் போட்ட கதையைச் சொன்னார். முதல் வரைவில், ஒரு கடிதம் கை மாறிப் போனதால் இருவரும் பிரிகிறார்கள். எழுதும்போது சுகமாகத்தான் போயிற்று. திரும்பப் படித்தபோது, இருவரும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் நாவல் அங்கேயே முடிந்துவிடும் என்று தெரிந்தது. ஐந்து நிமிடப் பேச்சில் தீர்கிற ஒன்றை வைத்து வாசகரை 300 பக்கம் காக்க வைப்பது நியாயமில்லை என்றார். புது வரைவில் கடிதம் இல்லை. இருவரும் எல்லாவற்றையும் பேசிவிடுகிறார்கள். ஒருவரை ஒருவர் நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள். பேசப் பேசத்தான் தெரிகிறது, அவனுக்கு வேண்டிய வாழ்க்கையும் அவளுக்கு வேண்டிய வாழ்க்கையும் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்று.

இளைஞர் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். அவருடைய நாவலில் இறந்தவரின் தங்கைக்கு இரண்டாம் அத்தியாயத்திலேயே ஒரு விஷயம் தெரியும். பத்தொன்பதாம் அத்தியாயம் வரை வாயைத் திறக்க மாட்டாள். ஏன்? முதல் வரைவில் பயம் என்று வைத்திருந்தார். அந்தப் பிரதி என் மேசைக்கும் வந்தது, நானும் அந்தப் பயத்தைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டேன். அவருக்கே திருப்தியில்லாமல் கடைசி வரைவில்தான் மாற்றினார்.

"யாரைக் காப்பாத்துறா?" என்று மூத்தவர் கேட்டார். நாவலை அவர் படித்திருக்கவில்லை. கேள்வி நேராக அங்கே போய் நின்றது.

இளைஞர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிறகு தாழ்ந்த குரலில் அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். அது ஒரு காதல் என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த இரண்டு வகைகளையும் பிரித்து வைக்கப் பார்த்தவர்கள் உண்டு. எஸ். எஸ். வான் டைன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1928இல் துப்பறியும் கதைகளுக்கு 20 விதிகள் எழுதினார். காதலுக்கு இடமில்லை என்பது மூன்றாவது விதி. டோரதி சேயர்ஸ் என்ற ஆங்கிலத் துப்பறியும் நாவலாசிரியரும் அதே காலத்தில் இந்த வகைக் கதையில் காதல் குறையக் குறைய நல்லது என்று எழுதினார். ஆனால் அவரே 1935இல், தன் துப்பறிவாளரையும், மர்ம நாவல் எழுதும் பெண் ஒருத்தியையும் நடுவில் வைத்து ஒரு நாவல் எழுதினார். அதில் கொலையே கிடையாது. யாரோ வெறுப்புக் கடிதங்கள் அனுப்புகிறார்கள், யார் என்பது ஒரு புதிர், இவள் மனம் எந்தப் பக்கம் என்பது இன்னொரு புதிர். 1937இல் அவர் வெளியிட்ட அடுத்த நாவலின் துணைத் தலைப்பே, துப்பறிதல் நடுநடுவே குறுக்கிடும் ஒரு காதல் கதை என்பதுதான். பத்து வருடத்துக்குள் ஒருவர் இவ்வளவு தூரம் நகர்ந்ததற்கு அவரவர் ஒரு காரணம் சொல்வார்கள். அந்த அறையில் இருந்ததால் எனக்குத் தோன்றுவது இது: புதிரைப் பாத்திரத்தின் மனதுக்குள் கொண்டுபோக வேண்டும் என்று முனைகிற எவரும், ஒருவர் ஏன் வாய் திறக்கவில்லை என்ற கேள்விக்கு வந்தே தீருவார்கள். அங்கே போனால் பெரும்பாலும் யாரோ யாரையோ நேசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மேடையில் அன்று நான் அதிகம் கேட்கவில்லை. அவர்களே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். வேலியைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான் என் வேலையாக இருந்தது. இரண்டு முறை குறுக்கே புகுந்து பேச்சைத் திருப்பினேன். இறுதியில் கூட்டத்திலிருந்து ஒரு பெண், "கடைசியில் சேர்ந்துவிடுவார்களா மேடம்?" என்று கேட்டார். "சேருவாங்கம்மா, கண்டிப்பா சேருவாங்க" என்றார் மூத்தவர். "எதை விட்டுக்கொடுத்துட்டு சேருவாங்கன்னுதான் புத்தகம்." அந்தப் பெண் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

அந்த மூன்றாவது கட்டத்தை நான் இரவல் வாங்கிக்கொண்டேன். எந்தப் பிரதி வந்தாலும் ஓரத்தில் பென்சிலால், இந்த இடத்தில் வாசகருக்கு என்ன தெரியும் என்று அத்தியாயத்துக்கு ஒரு வரி எழுதி வருகிறேன். இரண்டு அத்தியாயங்களுக்கு ஒரே வரி வந்தால் அங்கே எழுத்தாளரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். காதல் நாவல் எழுதியவர்களிடம் இப்போது நான் முதலில் கேட்பது, இருவருக்கும் நடுவில் நிற்கும் தடையை எந்த வரைவில் கண்டுபிடித்தீர்கள் என்பதைத்தான். ஒருவர்கூட இதற்கு ஒரு வரியில் பதில் சொன்னதில்லை. கதையின் முடிவைத் தொடாமல் இருபது நிமிடம் பேசுகிறார்கள்.

கடிகார நாவல் எழுதியவருக்கு அடுத்த மாதம் புது நாவல் வெளிவருகிறது. இந்த முறையும் நான்தான் பேச வேண்டும் என்று அவரே கேட்டிருக்கிறார். இரண்டு வாசிப்பும் முடிந்துவிட்டது. ஐந்தாம் அத்தியாயத்தில், ஒரு பயணத்துக்குப் பெட்டி கட்டும் காட்சி இருக்கிறது. ஏழு பொருள்கள். அந்தப் பக்கத்துக்கு நேராக என் குறிப்பில் ஒரு கேள்வி எழுதியிருந்தேன். நேற்று அதை அடித்துவிட்டேன். பெட்டி கட்டும்போது கதாநாயகனின் அம்மா வாசலில் நின்று பேசுகிறார், அரைப் பக்கம், நாவலிலேயே மிக நல்ல உரையாடல். அதைப் பற்றிக் கேட்கப்போகிறேன்.